மா பொங்கிய பிறகுதான் சட்டி: ஆள் இருக்கும் டூப்ளெக்ஸ் எப்படிக் கைமாறுகிறது?

ரொறன்ரோக் குளிரில் தோசைக்கு அரைத்து வைத்தவர்களுக்குத் தெரியும், மா தன் நேரத்தில்தான் பொங்கும். யாழ்ப்பாணத்தில் இரவு அரைத்து மூடி வைத்தால் விடியும்போது பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கிற அதே மா, இங்கே ஜனவரியில் மறுநாள் மத்தியானமும் அசையாமல் கிடக்கும். ஓவனுக்குள் விளக்கைப் போட்டு உள்ளே வைக்கலாம், துவாயால் சுற்றி வைக்கலாம். அவசரப்படுத்த மட்டும் முடியாது. அதனால்தான் மாவைப் பார்த்துவிட்டு ஆட்களைச் சாப்பிட வரச் சொல்கிறோம். வாடகைக்கு ஆள் இருக்கும் வீட்டை, அதிலேயே குடிபோக நினைக்கும் ஒருவருக்கு விற்பதும் இதே ஒழுங்கில்தான் நடக்கவேண்டும். ஒழுங்கு மாறினால் விற்பவர், வாங்குபவர், இருப்பவர் என்று மூன்று குடும்பங்கள் ஒரே நேரத்தில் சிக்கிக்கொள்கின்றன.

ஒன்ராறியோவில் இது எப்படி இயங்குகிறது என்பதை ஓர் உதாரண வீட்டை வைத்துப் பார்ப்போம். ஈஸ்ட் யோர்க்கில் ஒரு பழைய டூப்ளெக்ஸ். மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு. தனித்தனி வாசல், தனித்தனிக் குசினி. மேலே சொந்தக்காரர் இருக்கிறார். வயதாகிவிட்டது, மார்க்கத்தில் மகளோடு போய் இருக்கப்போகிறார். கீழே ஒரு குடும்பம் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறது. மாதம் 1,400 டொலர் கொடுக்கிறது. அதே தெருவில் அதே அளவு வீடு இன்று காலியானால் 2,300 டொலருக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். வாங்க வந்திருப்பது ஓர் இளம் தம்பதி. மேலே தாங்கள் இருந்துகொண்டு, கீழே அம்மா அப்பாவைக் கொண்டுவந்து வைக்க விரும்புகிறார்கள்.

கீழே இருப்பவர்கள் 1,400 டொலர் கொடுப்பது வீட்டுக்காரரின் இரக்கத்தால் அல்ல. ஒன்ராறியோவில் வாடகைக் கட்டுப்பாடு 1975இல் வந்தது. இன்றைய விதிகள் 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தில் இருக்கின்றன. ஒருவர் குடியிருக்கும்வரை 12 மாதத்துக்கு ஒரு தடவைதான் வாடகையைக் கூட்டலாம். 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்கவேண்டும். எவ்வளவு கூட்டலாம் என்பதை மாகாண அரசு வருடாவருடம் அறிவிக்கும். 2021இல் அது பூச்சியம். 2023, 2024, 2025 மூன்று வருடமும் 2.5 வீதம். 2026க்கு 2.1 வீதம். 1,400 டொலருக்கு அது 29 டொலர் 40 சதம்.

ஆனால் அந்தக் குடும்பம் வெளியேறிய மறுநாள் இந்த வரம்பு இல்லை. காலியான வீட்டுக்கு விரும்பிய வாடகையைக் கேட்கலாம் என்ற விதி 1998இலிருந்து இருக்கிறது. கட்டுப்பாடு சுவரோடு ஒட்டியிருக்கவில்லை, உள்ளே இருக்கும் ஆளோடு ஒட்டியிருக்கிறது. (2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிபோன வீடுகளுக்கு வருடாந்த வரம்பும் இல்லை. எங்கள் உதாரண வீடு பழையது.) ஆகவே கீழ்வீட்டில் மாதம் 900 டொலர், வருடம் 10,800 டொலர் வித்தியாசம் கிடக்கிறது. முதலீட்டுக்கு வாங்குகிறவர் அந்த வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துக் குறைந்த விலை சொல்வார். குடியிருக்க வாங்குகிறவர் நல்ல விலை சொல்வார், ஆனால் வீடு காலியாக வேண்டும் என்பார்.

குடியிருக்க வாங்குகிறவர்கள் இந்தச் சந்தையில் அதிகமாக இருப்பதற்கு வங்கியும் ஒரு காரணம். இரண்டு வீடுள்ள கட்டடத்தில் தானும் குடியிருக்கப் போகிறவருக்குக் காப்புறுதியோடு மோட்கேஜ் கிடைக்கும். விலையின் முதல் 500,000 டொலருக்கு 5 வீதம், மிகுதிக்கு 10 வீதம் கையில் இருந்தால் போதும். 2024 டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து 15 லட்சம் டொலருக்குக் குறைந்த வீடுகளுக்கு இது பொருந்துகிறது. தான் குடியிருக்காமல் வாடகைக்கு விடுவதற்கே வாங்குகிறவர் 20 வீதம் வைக்கவேண்டும். ரொறன்ரோ விலைகளில் இந்த வித்தியாசம்தான் ஓர் இளம் குடும்பம் வீடு வாங்குவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

விற்பவருக்கு ஆசை வருவது இங்கேதான். "முதலில் கீழே உள்ளவர்களை எழுப்பிவிட்டால் காலி வீடாக விற்கலாம்" என்று முகவர் சொல்வார், மச்சான் சொல்வார், கோயிலில் சந்தித்தவர் சொல்வார். சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வீட்டை விற்கப்போகிறேன் என்பது ஒருவரை வெளியேற்றுவதற்கான காரணமே அல்ல. "தம்பி, வீட்டை விக்கப்போறம், ரெண்டு மாசத்தில எழும்பிவிடுங்கோ" என்று படியில் நின்று அன்ரி சொல்வதற்குச் சட்டத்தில் எந்தப் பெறுமதியும் இல்லை. வீடு விற்கப்பட்டால் வாடகை உடன்பாடு அப்படியே புதியவரிடம் போகிறது: அதே வாடகை, அதே உரிமைகள், கடைசி மாதத்துக்கென்று வாங்கி வைத்த முற்பணமும் அதற்குரிய வட்டியும் சேர்த்து.

சட்டம் ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மூன்று வீடுகளுக்கு மேற்படாத கட்டடம் விற்கப்பட்டு, வாங்குபவருக்கு அது குடியிருக்க உண்மையாகவே தேவைப்பட்டால், விற்பவர் வாங்குபவரின் சார்பில் இருப்பவருக்கு அறிவித்தல் கொடுக்கலாம். சட்டத்தின் 49ஆம் பிரிவு இது. அறிவித்தலுக்கான படிவம் என்-12.

உழுந்து இருக்கிறதா?

தோசை மாவைப் பொங்கவைப்பது உழுந்து. அது இல்லாமல் எத்தனை நாள் மூடி வைத்தாலும் மா புளிக்குமே தவிரப் பொங்காது. இந்த நடைமுறையில் உழுந்தின் இடத்தில் இருப்பது வாங்குபவரின் நேர்மையான எண்ணம். அவர் அங்கே குடிபோக உண்மையாகவே நினைக்கவேண்டும். அந்த எண்ணம் புத்திசாலித்தனமானதா, அவருக்கு வேறு வசதியான வீடு கிடைக்காதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. எண்ணம் உண்மையானதா என்பதுதான் கேள்வி என்று ஒன்ராறியோவின் டிவிஷனல் நீதிமன்றம் 2001இல் சொல்லிவிட்டது.

யாருக்காகக் கேட்கலாம் என்ற பட்டியலில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வாங்குபவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, இருவரில் ஒருவருடைய பிள்ளை, இருவரில் ஒருவருடைய தாய் தகப்பன். இவர்களில் யாராவது அந்தக் கட்டடத்தில் இருந்து, அவரைப் பராமரிக்க ஓர் ஆள் கூடவே தங்கவேண்டும் என்றால் அந்தப் பராமரிப்பாளர். பட்டியல் அவ்வளவுதான். அண்ணன் இல்லை, தங்கை இல்லை, பெரியம்மா இல்லை, ஊரிலிருந்து வரும் மருமகன் இல்லை, அம்மம்மாவும் இல்லை. கூடப்பிறந்தவளைக் கீழே வைத்துக்கொள்வது எங்களுக்கு இயல்பான எண்ணம், நல்ல எண்ணமும்கூட. ஆனால் அதற்காக இன்னொரு குடும்பத்தை வெளியேற்ற இந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. தங்கை பெயரும் சேர்ந்து உறுதி எழுதப்பட்டால் அவளும் வாங்குபவர்தான். அப்போது அவளுடைய தேவை கணக்கில் வரும். ஆனால் அது அவளும் உண்மையாகவே பணம் போட்டு வாங்குவதாக இருக்கவேண்டும், பட்டியலுக்குள் நுழைவதற்கான வேடமாக இருக்கக்கூடாது.

எங்கள் உதாரணத் தம்பதி அம்மா அப்பாவைக் கீழே வைக்க நினைக்கிறார்கள். அது பொருந்துகிறது. மேல்வீட்டில் தாங்கள் இருந்துகொண்டு கீழ்வீட்டை 2,300 டொலருக்குப் புதிதாக வாடகைக்கு விடுவதுதான் மனத்தில் இருக்கும் கணக்கு என்றால் உழுந்தே இல்லை. அந்த அறிவித்தலை எழுதவே கூடாது.

இரண்டு சின்ன விடயங்களையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். கீழ்வீடு நகரசபையின் அனுமதி இல்லாமல் கட்டிய பேஸ்மென்ற் என்றாலும் அதில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு முழுதாக உண்டு. "அனுமதி இல்லாத இடம்தானே, சட்டம் வராது" என்பது ஸ்காபரோ முழுக்கச் சொல்லப்படும் தவறான கதை. மறுபக்கம், ஒருவர் வீட்டுக்காரரோடு ஒரே குசினியை அல்லது ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்ற ஏற்பாட்டில், வீட்டுக்காரரும் அங்கேயே இருந்தால், இந்தச் சட்டம் அந்த ஆளுக்குப் பொருந்தாது.

அரைப்பதற்கு முன்

விற்பனைப் பலகை நடுவதற்கு முன் விற்பவர் எடுத்து வைக்கவேண்டிய காகிதங்கள் அதிகமில்லை. வாடகை ஒப்பந்தம், வாடகை கூட்டிய ஒவ்வொரு தடவையும் கொடுத்த அறிவித்தல், முற்பணக் கணக்கு. ஒப்பந்தம் மாதாமாதம் ஓடுகிறதா, இன்னும் முடியாத தவணை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். அடுத்த வருடம் ஓகஸ்ட்வரை கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் என்-12 கொடுத்தாலும் அந்த ஓகஸ்டுக்கு முன் யாரும் வெளியேறவேண்டியதில்லை. இதைப் பார்க்காமல் மே மாதம் வீட்டைக் கைமாற்ற ஒப்புக்கொள்பவர் தன் கழுத்தில் தானே சுருக்குப் போடுகிறார்.

வீடு பார்க்க ஆட்களைக் கூட்டிவருவதற்கும் முறை உண்டு. 24 மணித்தியாலம் முன்னதாக எழுத்தில் சொல்லவேண்டும். காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் வரலாம். இருப்பவர் மறுக்கமுடியாது. ஆனால் அவர் வெளியே போகவேண்டிய கட்டாயமும் இல்லை. சனி ஞாயிறு முழுக்கத் தெரியாத ஆட்கள் தன் படுக்கையறைக்குள் வந்துபோவதைப் பொறுத்துக்கொண்டு இருப்பவர் அவர்தான். எந்த நேரம் வசதி என்று அவரிடம் கேட்டு வைப்பது மரியாதை மட்டுமல்ல, பிறகு வரும் எல்லாவற்றையும் இலகுவாக்குகிறது.

60 நாள் எப்படி எண்ணப்படுகிறது

மாவை அரைத்த பிறகுதான் பொங்கல் தொடங்கும். இங்கே அரைப்பது என்பது விற்பனை உடன்பாட்டில் இரண்டு பக்கமும் கையெழுத்திடுவது. அதற்கு முன் கொடுத்த என்-12 செல்லாது. யாராவது வாங்கத்தான் போகிறார்கள் என்று முன்கூட்டியே கொடுத்து வைக்க முடியாது. வீட்டைப் பரிசோதிப்பது, மோட்கேஜ் கிடைப்பது என்று நிபந்தனைகள் இருந்தால் அவை நீங்கும்வரை பொறுத்துக் கொடுப்பதே என் கணக்கில் சரி. விற்பனை முறிந்துபோனால் அந்த அறிவித்தலுக்கு அடிப்படை போய்விடும், புதிய ஆள் வந்தால் புதிய என்-12, புதிதாக 60 நாள். இடையில் ஒரு குடும்பம் வீணாகப் பெட்டி கட்டியிருக்கும்.

60 நாள் என்பது குறைந்தபட்சம். அறிவித்தலின் காலம் வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடியவும் வேண்டும். இந்த இரண்டாவது விதிதான் பலரைக் கவிழ்க்கிறது. வாடகை ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதி என்றால், மார்ச் 1ஆம் திகதி கையில் கொடுத்த அறிவித்தல் ஏப்ரல் 30இல் முடியலாம். சரியாக 60 நாள். அதையே மார்ச் 2ஆம் திகதி கொடுத்தால் ஏப்ரல் 30க்கு 59 நாள்தான் இருக்கிறது. ஆகவே மே 31வரை போகவேண்டும். ஒரு நாள் பிந்தியதற்கு ஒரு மாதம். தபாலில் அனுப்பினால் இன்னும் 5 நாள் கூட்டிக்கொள்ளவேண்டும். கையில் கொடுக்கலாம், கதவின் கீழால் தள்ளலாம், தபால் பெட்டியில் போடலாம். கதவில் ஒட்டிவிட்டுப் போகக்கூடாது. இருப்பவர் எழுத்தில் சம்மதிக்காமல் மின்னஞ்சலில் அனுப்பியதும் சேராது. படிவத்தில் திகதி பிழைத்தால் அது செல்லாது, முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

முடியும் நாளுக்கு முன் ஒரு மாத வாடகைக்குச் சமமான பணத்தை விற்பவர் இருப்பவருக்குக் கொடுக்கவேண்டும், அல்லது அவர் ஏற்றுக்கொள்ளும் வேறொரு வீட்டைக் கொடுக்கவேண்டும். எங்கள் உதாரணத்தில் 1,400 டொலர். வீட்டுக்காரர் தனக்கென்று கேட்கும்போது இந்தக் கடமை 2017இலேயே வந்தது. விற்கும்போது 2020இல்தான் வந்தது. இருப்பவருக்கு வேறு வீடு முன்னதாகவே கிடைத்துவிட்டால் 10 நாள் எழுத்தறிவித்தலோடு அவர் முன்கூட்டியே போகலாம். அந்த ஒரு மாதப் பணம் அப்போதும் அவருக்கு உண்டு.

1,400 டொலர் யாருக்குப் போதும்? 2,300 டொலர் வாடகைக்குப் போகப்போகிறவர் முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து 4,600 டொலர் எண்ணி வைக்கவேண்டும். லொறி பிடிக்கவேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறலாம். சட்டம் நிர்ணயித்த தொகை இந்தச் செலவில் மூன்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. விற்பவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும்.

குளிர் பிடித்தால்

60 நாள் முடிந்துவிட்டது, கீழே இருப்பவர்கள் போகவில்லை. இப்போது என்ன? அவர்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. என்-12 என்பது வெளியேற்றும் ஆணை இல்லை. ஆணையிடும் அதிகாரம் லாண்ட்லோட் அண்ட் ரெனன்ற் போர்ட் எனப்படும் சபைக்கு மட்டும்தான் இருக்கிறது; எல்.ரீ.பி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஆணை வந்தபிறகும் ஷெரிஃப் வந்துதான் நிறைவேற்றவேண்டும். பூட்டை மாற்றுவது, ஹீற்றை நிறுத்துவது, சாமான்களை வெளியே வைப்பது எல்லாம் விற்பவர் செய்யும் குற்றங்கள்.

சபைக்கான விண்ணப்பம் எல்-2. என்-12 கொடுத்த உடனேயே இதைப் போடலாம், 60 நாள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடைசி நாள் கடந்து 30 நாளுக்குள் போடாவிட்டால் அந்த அறிவித்தல் வீண். விண்ணப்பத்தோடு, குடிபோகப்போகிறவரே சத்தியக்கடதாசி எழுதிக் கொடுக்கவேண்டும். விசாரணையில் சபை உறுப்பினர் அவரைக் கேள்வி கேட்பார், எதிர்ப்பக்கமும் கேட்கும். எண்ணம் உண்மை என்று நம்பினாலும், இருப்பவரின் நிலைமையைப் பார்த்து, நோய், பள்ளித் தவணை, வயது போன்றவற்றை வைத்து, வெளியேறும் நாளைத் தள்ளிப்போட அல்லது மறுக்கவே சபைக்கு அதிகாரம் இருக்கிறது.

நாட்களை விழுங்குவது இந்தச் சபைதான். ஒன்ராறியோவின் ஒம்புட்ஸ்மன் போல் டுபே 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், அங்கே 38,000க்கும் அதிகமான விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்ததைச் சொல்லி, சபை தன் அடிப்படைக் கடமையில் தவறிக்கொண்டிருக்கிறது என்று கண்டித்தார். அப்போது விசாரணைக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆனது. தாமதத்தில் அடிபடுவது வீட்டுக்காரர் மட்டுமல்ல. வெப்பமில்லாத வீட்டைப் பற்றி முறையிட்ட குடியிருப்பாளரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்.

இந்தக் குளிரைக் கணக்கில் எடுக்காமல் வீடு கைமாறும் நாளைக் குறிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஒன்ராறியோ முகவர்கள் பாவிக்கும் வழமையான விற்பனைப் படிவத்தில், வேறுவிதமாக எழுதாவிட்டால் வீட்டைக் காலியாகத் தருவேன் என்ற வாக்கு அச்சிலேயே இருக்கிறது. கீழே ஆள் இருக்கும்போது அந்த வரியில் அப்படியே கையெழுத்திடும் விற்பவர், தன் கையில் இல்லாத ஒன்றைத் தருவதாக ஒப்புக்கொள்கிறார். நாள் வந்து வீடு காலியாகாவிட்டால் உடன்பாட்டை மீறியவர் அவர்தான். வாங்குபவரின் மோட்கேஜ் வட்டி விகிதம் காலாவதியாகும், அவர் தன் பழைய வீட்டை விட்டிருப்பார், நஷ்டத்துக்கு வழக்குப் போடுவார். கீழே இருப்பவர்மீது எல்லோரும் கோபப்படுவார்கள். ஆனால் நாளைக் குறிக்கும்போது அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சரியான வழி உடன்பாட்டிலேயே எழுதி வைப்பது. கைமாறும் நாளை 60 நாளுக்கு வெகு அப்பால் போடவேண்டும். வீடு காலியாகாவிட்டால் நாளைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு வாசகம் சேர்க்கவேண்டும். அதற்குப் பிறகும் காலியாகாவிட்டால் வாங்குபவர் இருப்பவரோடு சேர்த்து எடுப்பதா, விலகி முற்பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று முடிவெடுக்கலாம் என்று எழுதவேண்டும். குடிபோகப்போகிறேன் என்ற வாங்குபவரின் வாக்கைக் கையெழுத்தோடு எழுத்தில் வாங்கவேண்டும். இதையெல்லாம் கையெழுத்திடுவதற்கு முன்பே வழக்கறிஞர் பார்க்கவேண்டும். கையெழுத்திட்ட பிறகு அவரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

அப்பச்சோடா

மாவைச் சீக்கிரம் பொங்கவைக்க அப்பச்சோடா போடுவதுபோல, இங்கேயும் ஒரு வழி இருக்கிறது. இருப்பவரும் வீட்டுக்காரரும் பேசி, ஒரு நாளை ஒத்துக்கொண்டு, என்-11 படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டால் வாடகை உடன்பாடு அந்த நாளில் முடிகிறது. 60 நாள், மாதக் கடைசி என்ற எந்த விதியும் தேவையில்லை. வழமையாக இதற்கு ஒரு தொகை கொடுக்கிறார்கள். எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. இருவரும் ஒத்துக்கொள்வதுதான் தொகை.

இதை நான் கெட்ட வழி என்று சொல்லமாட்டேன். இழப்பதன் பெறுமதியைத் தெரிந்துகொண்டு ஒருவர் தானாக ஒத்துக்கொண்டால் அது நேர்மையான வியாபாரம். மாதம் 900 டொலர் அதிகம் கொடுத்து வேறெங்கோ இருக்கப்போகிறவர் ஒரு வருட வித்தியாசத்தையாவது கேட்பது பேராசை இல்லை. ஆனால் அளவு மீறினால் சோடா கசக்கும். ஆங்கிலம் சரியாக வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் "இது சும்மா ஒரு போர்ம்" என்று என்-11ஐ நீட்டுவதும், வாடகைக்கு எடுக்கும் நாளிலேயே திகதி போடாமல் கையெழுத்து வாங்கி வைப்பதும் நடக்கின்றன. பின்னது சட்டத்தில் செல்லாது. முன்னது வெட்கக்கேடு. என்-11இல் கையெழுத்திடும்படி யாரும் வற்புறுத்த முடியாது. கையெழுத்திடாததற்காக யாரையும் வெளியேற்றவும் முடியாது. வாசித்துப் புரியாவிட்டால் ஸ்காபரோ கொம்யூனிற்றி லீகல் சேர்விசஸ் போன்ற சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன.

குடிபோகாவிட்டால்

எல்லாம் ஒழுங்காக நடந்து, கீழ்வீடு காலியாகி, திறப்பு கைமாறிவிட்டது என்று வைப்போம். வாங்கியவர் சொன்னபடி நியாயமான காலத்துக்குள் அங்கே ஆளைக் குடியேற்றவேண்டும். அப்படிச் செய்யாமல் மூன்று மாதத்தில் 2,300 டொலருக்கு விளம்பரம் போட்டால், வெளியேறிய குடும்பம் ஒரு வருடத்துக்குள் சபைக்குப் போகலாம். சபை விதிக்கக்கூடியவற்றைப் பாருங்கள்: பழைய வாடகைக்கும் புதிய வாடகைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வருடம்வரை, இங்கே 10,800 டொலர். பொதுவான நட்டஈடாகப் பழைய வாடகையில் 12 மாதம்வரை, இங்கே 16,800 டொலர். இரண்டும் சேர்ந்தால் 27,600. அதோடு வீடு மாறிய செலவு. தெரிந்தே பொய்யாகக் கொடுத்த அறிவித்தல் ஒரு குற்றமும்கூட. 2023இல் தனிநபருக்கான உச்ச அபராதம் 100,000 டொலராக இரட்டிப்பாக்கப்பட்டது. ஆனால் இந்தத் தண்டனைகள் முறையிடுகிறவருக்குத்தான் பலன் தருகின்றன. பழைய தெருவுக்குத் திரும்பிப் போய் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் நேரமோ தெம்போ இல்லாத குடும்பங்கள்தான் அதிகம்.

யாரும் போகவேண்டியதில்லை என்றால்

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பையும் சொல்லவேண்டும். மேல்வீடு காலியாகும் டூப்ளெக்ஸை வாங்குகிற இளம் குடும்பத்துக்குப் பெரும்பாலும் நல்லது கீழே இருப்பவர்களை அப்படியே வைத்திருப்பதுதான். ஒன்பது வருடம் ஒழுங்காக வாடகை கட்டிய ஆட்கள் கையில் இருக்கிறார்கள். 1,400 டொலர் மாதாமாதம் மோட்கேஜுக்கு உதவும்; அந்த வருமானத்தின் ஒரு பகுதியை வங்கியும் கணக்கில் எடுக்கும். காத்திருப்பு இல்லை, சபை இல்லை, கைமாறும் நாளைப் பற்றிய பயமில்லை. அந்த நிம்மதியின் பெறுமதியை விலையில் பேசிக் குறைக்கலாம். இரண்டு மூன்று வருடம் கழித்து அம்மா அப்பா உண்மையாகவே வரும்போது, புதிய சொந்தக்காரராகத் தானே என்-12 கொடுக்கலாம். குறைந்தது ஒரு வருடம் அங்கே இருக்கும் எண்ணம் அதற்கு வேண்டும்.

எங்களில் பெரும்பாலான குடும்பங்கள் இந்த நகரத்துக்கு வந்து முதலில் தூங்கியது யாரோ ஒருவருடைய பேஸ்மென்றில். இன்று மேல்வீட்டின் உறுதி எங்கள் பெயரில் இருக்கிறது. "எழும்புங்கோ" என்ற சொல்லைக் கேட்டவர்களும் நாங்கள்தான், சொல்கிறவர்களும் நாங்கள்தான். ஆகவே விற்க முடிவெடுத்தால் முகவரைக் கூப்பிடுவதற்கு முன் கீழே இறங்கிப் போய், என்ன நடக்கப்போகிறது, எப்போது, அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர்களுக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துக் கைமாறும் நாளைக் குறியுங்கள்.